ஒளிராத கல்லும் வைரத்தூளும்

எங்கள் அம்மாவுக்கு ஒரு ஜோடி ஏழுகல் வைரத்தோடு இருந்தது. ப்ளூ ஜாகர். இந்தப் பெயரைச் சொன்னால் என் வயதுக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கல்யாணப் பேச்சில் "ஜாகர்தானே?" என்று பெண் வீட்டாரை ஒருமுறையாவது கேட்காத சம்பந்தி அந்தக் காலத்தில் கிடையாது. ஜாகர் என்பது ஊர்ப்பெயரின் மிச்சம் என்பது எனக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் பகுதியில் யாகர்ஸ்ஃபோன்டைன் என்றொரு சுரங்கம் இருந்தது. 1870இல் அங்கே முதல் வைரம் கிடைத்தது, 1971இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த கற்களில் பல பகல் வெளிச்சத்தில் இலேசாக நீலம் பூத்தாற்போல் தெரியும். நம் பெண்கள் அந்த நீலத்துக்காகத்தான் உயிரை விட்டார்கள்.

1989இல் அம்மா காலமான பிறகு, தோட்டை இரண்டு அக்காமார்களுக்கும் எப்படிப் பிரிப்பது என்று மதிப்புப் போடக் கொண்டுபோனோம். கடைக்காரர் தோடுகளைத் துணியில் துடைத்து, கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு மாதிரி ஒரு ஊதா விளக்கின் கீழே வைத்தார். பதினான்கு கற்களில் பதிமூன்று நீலமாக எரிந்தன. ஒன்று மட்டும் கரி போலச் சும்மா கிடந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல், "இது ஒண்ணு வேற கல்லு மாதிரி இருக்கே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மீதியை நாங்களே சொல்லிக்கொண்டோம். 1971இல் பெரியக்கா கல்யாணத்துக்கு முன்பு அந்தத் தோட்டைப் பிரித்து, கல்லை மறுபடி கட்டித் தந்தது எங்கள் தெருக்கோடியில் இருந்த பத்தர். அதற்கு முன்னும் பின்னும் வேறு யார் கையும் அதன் மேல் படவில்லை. அப்படியானால் கல்லை மாற்றியவர் அவராகத்தான் இருக்க வேண்டும். அவரிடம் யாரும் நேரில் கேட்கவில்லை. இனிமேல் வேலை கொடுப்பதில்லை என்று மட்டும் முடிவாயிற்று. தெருவில் எதிரே வந்தால் நான் வேட்டியைச் சரி செய்கிற சாக்கில் குனிந்துகொள்வேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் பெரியக்காவின் பேத்தி பிரான்சிலிருந்து லீவில் வந்தாள். ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். என்னம்மா வேலை என்று கேட்டேன். "வைரத்தூளை அடுப்புல வெச்சு சுடுறேன், சின்னத் தாத்தா. சுட்டா நல்லா ஒளி விடும். சுடாட்டி விடாது" என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அன்று ராத்திரி பதினொரு மணி வரை அவளைத் தூங்க விடவில்லை. அவள் ஊருக்குப் போன பிறகு நானே கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு போன ஒரு கதை கிடைத்தது. அதை என் போக்கில் எழுதுகிறேன்.

வைரம் இருட்டில் ஒளிவிடும் என்பது புராணத்தில் நாகமணி ஒளிவிடுவதைப் போன்ற நம்பிக்கையாகத்தான் வெகுகாலம் இருந்தது. அதைச் சோதித்து எழுதி வைத்தவர்களில் முன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் பாயில். பள்ளிக்கூடத்தில் பாயில் விதி படித்திருப்பீர்கள், அவரேதான். 1663 அக்டோபர் மாத இறுதியில் கிளேட்டன் என்பவரிடமிருந்து ஒரு வைரத்தை இரவல் வாங்கினார். துணியில் தேய்த்தால் அது மினுங்கியது. படுக்கைக்கே எடுத்துப்போய் உடம்புச் சூட்டில் வைத்துப் பார்த்தார், அப்போதும் மினுங்கியது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதி ராயல் சொசைட்டிக்குக் கொடுத்தார். பெரிய மனிதர் ஒருவர் போர்வைக்குள் வைரத்தை வைத்துக்கொண்டு கண்விழித்துக் கிடந்ததை நினைத்தால் எனக்கு அவர் மேல் பிரியம் வருகிறது.

எழுபது வருஷம் கழித்துப் பாரிசில் து ஃபே. மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று 1733இல் சொன்னவர். அரசரின் தாவரத் தோட்டத்துக்கு அதிகாரி. அவர் 1735இல் வைரங்களை வெயிலில் காட்டி, இருட்டறைக்குள் கொண்டுபோய்ப் பார்த்தார். சில ஒளிர்ந்தன, சில ஒளிரவில்லை. எது ஒளிரும், எது ஒளிராது என்று வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இந்த வாக்கியத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நல்ல வைரமே, ஆனால் சிலது ஒளிராது. 1735இலேயே ஒரு மனிதர் எழுதி வைத்திருக்கிறார். 1989இல் நாங்கள் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

இந்த விஷயத்தில் நம் பக்கத்து வியாபாரிகளும் சும்மா இல்லை. கோல்கொண்டா சுரங்கங்களைப் பார்த்த பிரெஞ்சு நகை வியாபாரி தவெர்னியே 1676இல் வெளியிட்ட பயண நூலில் ஒன்று சொல்கிறார். ஐரோப்பியர்கள் பட்டை தீட்டாத கல்லைப் பகலில் பார்ப்பார்களாம், இந்தியர்கள் ராத்திரியில் பார்ப்பார்களாம். சுவரில் ஒரு அடி சதுரத்துக்கு மாடம் குடைந்து, பெரிய திரி போட்ட விளக்கை அதில் வைத்து, அந்த வெளிச்சத்தில் கல்லை விரலிடுக்கில் பிடித்து நீரோட்டம் பார்ப்பார்கள். வானத்து நீலம் கலந்த நீரோட்டம் அவர்களுக்குப் பிடிக்காது. அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அடர்ந்த மரத்தின் நிழலுக்குக் கல்லைக் கொண்டுபோவார்கள். இதில் வேடிக்கையைப் பாருங்கள். கோல்கொண்டா வியாபாரி மரத்தடிக்குப் போய்க் கழித்த நீலத்தைத்தான், முந்நூறு வருஷம் கழித்து நாம் ஜாகர் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். அந்த நீலமும் இந்த நீலமும் ஒரே காரணத்தால் வந்தவை என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ரசனை எப்படிப் புரள்கிறது!

தவெர்னியே இங்கிருந்து கொண்டுபோன பெரிய நீலக்கல் பதினான்காம் லூயி கைக்குப் போய், 1673இல் மறுபடி பட்டை தீட்டப்பட்டு, 1792இல் புரட்சிக் களேபரத்தில் திருடுபோய், இன்னும் சிறிதாக வெட்டப்பட்டு, இப்போது ஹோப் வைரம் என்ற பெயரில் வாஷிங்டனில் இருக்கிறது. அதன் மேல் புற ஊதா வெளிச்சத்தைக் காட்டி விளக்கை அணைத்தால், நீலக்கல் இரத்தச் சிவப்பாகக் கொஞ்ச நேரம் கனன்றுகொண்டே இருக்கும். நிழற்படத்தில் பார்த்தேன். அடுப்பில் ஊதிய கரித்துண்டு மாதிரி இருந்தது.

கரித்துண்டு என்றதும் லவுவாசியே ஞாபகம் வருகிறார். (தமிழ்ப் புத்தகங்களில் லவாய்சியர் என்று போடுகிறார்கள். எங்களுக்குப் பிரெஞ்சில் விஞ்ஞானம் எடுத்த முசியே கேட்டிருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார்.) வைரம் எரிந்து போகும் என்று நான் முதன்முதலில் கேட்டது அந்த வகுப்பில்தான். வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே தோட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "அடுப்புக்கிட்ட இனிமே போட்டுக்க மாட்டேன்" என்றாள்.

பாரிசில் 1771, 1772 வருஷங்களில் இதுதான் பெரிய வாக்குவாதம். சூடு பட்டால் வைரம் மறைந்துபோகிறது. ஆவியாகிறதா, எரிகிறதா, தூளாகிறதா? மாக்கேர் என்ற ரசாயனக்காரர் வைரத்தைச் சுற்றி மெல்லிய சுடரைப் பார்த்ததாகச் சொன்னார். நகை வியாபாரிகள் நம்பவில்லை. அழுக்கேறிய வைரத்தைக் கரித்தூளில் புதைத்துச் சூடுகாட்டிக் கறை எடுப்பது அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம், கல்லுக்கு ஒன்றும் ஆனதில்லை. லெ பிளான் என்ற வியாபாரி தன் கல்லையே கொடுத்துச் சோதிக்கச் சொன்னார். கல் போனது போனதுதான். அடுத்து மயார் என்ற வியாபாரி மூன்று வைரங்களைக் கொண்டுவந்தார். சுருட்டுக் குழாய் போன்ற மண்குழாயில் கரித்தூளை இறுக்கி, நடுவில் கற்களை வைத்து, காற்றுப் புகாமல் பூசி, லவுவாசியே முன்னிலையில் உலைக்குள் விட்டார். லெ பிளான் சிரித்தாராம், தன் கல்லைப் போல இதுவும் போய்விடும் என்று. குழாயை உடைத்துப் பார்த்தால் மூன்றும் பத்திரமாக இருந்தன.

ஆக, சூடு மட்டும் வைரத்தை ஒன்றும் செய்யாது, சூட்டோடு காற்று வேண்டும். அந்த வருஷமே லவுவாசியேயும் நண்பர்களும் லூவ்ர் அருகே தோட்டத்தில் மிகப் பெரிய கண்ணாடி வில்லையை நிறுத்தி, வெயிலைக் குவித்து, மூடிய பாத்திரத்துக்குள் வைரத்தை எரித்தார்கள். மிஞ்சிய காற்று சுண்ணாம்பு நீரைக் கலங்க வைத்தது, கரி எரிந்தாலும் அதே காற்றுத்தான் வருகிறது. வைரமும் கரியும் ஒரே பொருள் என்று துணிந்து சொல்ல அவர் தயங்கினார். எடை போட்டு அதை முடிவாக நிறுவியவர் ஆங்கிலேயர் ஸ்மித்சன் டெனன்ட், 1797இல். அதற்குள் லவுவாசியேயின் தலையைக் கில்லட்டினில் எடுத்துவிட்டிருந்தார்கள். 1794. வரி வசூல் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார் என்பதற்காக.

மயாரின் கரியையும் லவுவாசியேயின் காற்றையும் மறந்துவிடாதீர்கள். இருநூற்றைம்பது வருஷம் கழித்து என் அக்கா பேத்தி இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்கிறாள்.

அதற்கு முன் பெங்களூருக்குப் போய்விட்டு வர வேண்டும். சர் சி.வி. ராமன் 1907இல் நிதித்துறைப் பரீட்சை எழுதிக் கல்கத்தாவில் கணக்கு இலாகா அதிகாரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். கணக்கு இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் பேரேட்டைக் கட்டி அழுத எனக்கு இதில் அல்ப சந்தோஷம் உண்டு. 1940களில் ராமனுக்கு வைரப் பைத்தியம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய மாணவர்கள் கூட்டமாக வைரத்தையே ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் அன்னா மணி. திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, 1940இல் உதவித்தொகையில் அங்கே சேர்ந்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வை அவர் அளந்தார். ஒளி மிக மங்கல் ஆனதால், ஒரு போட்டோ தகடில் பதிய பதினைந்து இருபது மணி நேரம் ஆகும். ராத்திரி ஆய்வுக்கூடத்திலேயே தூங்கிவிடுவாராம். நீலமாக ஒளிரும் கல்லில் 415 நானோமீட்டரில் ஒரு கூர்மையான கோடு, பச்சையாக ஒளிர்வதில் 503இல் இன்னொரு கோடு என்று ராமன் கூடத்தார் பிரித்துப் பார்த்தார்கள். நம் ஜாகர் தோட்டின் நீலத்துக்குச் சொந்தக்காரன் அந்த 415தான்.

1942க்கும் 1945க்கும் இடையில் அவர் தனிப்பெயரில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் மறுத்துவிட்டார்கள். விதிமுறைப்படி சரியாக இருக்கலாம். விதிமுறையைக் காட்டி நானே பலருடைய மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதனால்தான் இது உறுத்துகிறது. அவர் மனம் தளரவில்லை. இங்கிலாந்து போய் வானிலைக் கருவிகளைக் கற்றுக்கொண்டு வந்து, வானிலைத் துறையில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தார். அந்த ஆய்வேடு இப்போதும் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது.

ராமன் ஒரு விஷயத்தில் பிடிவாதமாகத் தவறினார். ஒளிர்வு வைரத்தின் சொந்த அமைப்பிலேயே இருக்கிறது, கலப்படத்தால் வருவதல்ல என்றார். 1959இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கைசர், பாண்ட் இருவரும் பெரும்பாலான வைரங்களுக்குள் நைட்ரஜன் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரு காலியிடத்தைச் சுற்றி உட்கார்ந்தால் நீலம். ஒரே நைட்ரஜன், பக்கத்தில் ஒரு காலியிடம் என்றால் சிவப்பு. பூமிக்குள் எந்த வைரத்துக்கு எந்தச் சேர்க்கை வாய்த்தது என்பது கல்லுக்குக் கல் வேறு. விற்பனைக்கு வரும் வைரங்களில் நூற்றுக்கு முப்பது போலத்தான் ஊதா விளக்கில் ஒளிர்கின்றன. மீதி எழுபதும் அசல்தான்.

இனி தூளுக்கு வருவோம். 1963இல் சோவியத் நாட்டில், அணு ஆயுத வேலைகள் நடந்த ஸ்னெழின்ஸ்க் என்ற மூடிய ஊரில் மூன்று விஞ்ஞானிகள் டி.என்.டி.யும் ஆர்.டி.எக்ஸும் கலந்த வெடிமருந்தை இரும்பு அறைக்குள் வெடித்தார்கள். வெடித்த பிறகு சுவரில் ஒட்டியிருந்த புகைக்கரிக்குள் வைரம் இருந்தது. வெடிமருந்தில் இருந்த கார்பனே அந்த நொடி அழுத்தத்தில் வைரமாகியிருந்தது. ஒவ்வொன்றும் நாலைந்து நானோமீட்டர். தலைமுடியின் குறுக்கே பத்தாயிரம் துகளை வரிசையாக அடுக்கலாம். இராணுவ ரகசியம் ஆனதால் வெளியே தெரியவில்லை. 1988இல்தான் அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் இதைப் பற்றிய கட்டுரைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தன.

இந்தத் தூள் பார்வைக்குச் சாம்பல் கறுப்பு. அதில் சிவப்பு ஒளி மையம் இருந்தாலும் வெளியே தெரியாது. ஏன் என்று பேத்தியைக் கேட்டேன். அவள் கொடுத்த கணக்கு இது. அம்மாவின் தோட்டுக் கல்லில் மேல்பரப்பில் இருக்கும் அணுக்கள் எண்ணிக்கையில் ஒன்றுமே இல்லை, உள்ளே இருப்பவைதான் எல்லாம். ஐந்து நானோமீட்டர் துகளில் மொத்தமே பத்தாயிரத்துச் சொச்சம் அணுக்கள். அதில் பத்தில் ஒன்றுக்கு மேல் மேல்தோலில் இருக்கும். ஒளி மையத்துக்கு மேல்தோல் கூப்பிடு தூரம். சின்ன வீட்டில் நடுக்கூடத்தில் பேசினாலும் தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

அந்த மேல்தோலில் வைரமாகாமல் நின்றுபோன கரி, அதாவது பென்சில் கரி மாதிரியானது, பூசினாற்போல் ஒட்டியிருக்கும். அது வெளிச்சத்தையும் விழுங்கும், உள்ளே மையத்துக்குக் கிடைத்த சக்தியையும் உறிஞ்சிக்கொள்ளும். எனவே முதல் வேலை இந்தக் கரியை எடுப்பது. கந்தக அமிலத்திலும் நைட்ரிக் அமிலத்திலும் கொதிக்க வைப்பது ஒரு வழி. அதைவிடச் சுலபமான வழியை 2006இல் அமெரிக்காவில் கோகோட்ஸி குழுவினர் காட்டினார்கள். காற்றிலேயே 400 முதல் 430 டிகிரி வரை சூடுபண்ணினால் போதும். அந்தச் சூட்டில் கரி எரிந்துவிடும், வைரம் எரியாது. சூடு இன்னும் கூடினால் வைரமும் எரிய ஆரம்பித்துவிடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் அடுப்பை நிறுத்த வேண்டும். பால்கோவா கிளறுகிறவர்களுக்குப் புரியும்.

நன்றாக ஒளிர்கிற தூளுக்கு வழி போட்டுக் கொடுத்தது தைவான். தைபேயில் ஹுவான்-செங் சாங் குழுவினர் 2005இல் நைட்ரஜன் உள்ள வைரத்தூளின் மேல் வேகமான புரோட்டான்களைப் பாய்ச்சினார்கள். அங்கங்கே கார்பன் அணு பெயர்ந்து காலியிடம் உண்டாகும். பிறகு 800 டிகிரியில், காற்றில்லாத இடத்தில், சூடுபண்ணினார்கள். காலியிடங்கள் நகர்ந்து நகர்ந்து நைட்ரஜன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது மயாரின் மண்குழாய், காற்று இல்லாததால் வைரம் எரியாது. ஆனால் அந்தச் சூட்டில் மேல்தோல் கொஞ்சம் கரியாக மாறும். அதை எடுக்கத்தான் அமிலக் குளியல், அல்லது காற்றில் சுடுவது. இது லவுவாசியேயின் நெருப்பு, அளவோடு. கடைசியில் கிடைத்த தூளின் மேல் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிர்ந்தது, எவ்வளவு நேரம் பார்த்தாலும் மங்கவில்லை. சாயப்பொருள்கள் சிறிது நேரத்தில் வெளுத்துப்போகும், இது போகாது. உயிரணுவுக்கும் அதிகக் கெடுதல் இல்லை என்பதால், அதற்குள் அனுப்பி எங்கே போகிறது என்று பின்தொடர முடிகிறது.

கரியை எடுத்தால் மட்டும் போதாது. எடுத்த இடத்தில் என்ன வந்து ஒட்டுகிறது என்பதுதான் சூட்சுமம். அந்தச் சிவப்பு மையத்துக்கு ஒரு எலக்ட்ரான் கூடுதலாக இருந்தால் ஒளி 637இல் தொடங்கும், அடர்சிவப்பு. இல்லாவிட்டால் 575இல், ஆரஞ்சுப் பக்கம். காந்தப்புலத்தை அளக்க, உயிரணுவின் சூட்டைப் பார்க்க என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேடுவது முதல் வகையைத்தான். மேல்தோலில் ஆக்சிஜன் ஒட்டியிருந்தால் அந்தக் கூடுதல் எலக்ட்ரான் தங்கும். ஹைட்ரஜன் ஒட்டியிருந்தால், காற்றிலிருந்து அதன் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் எலக்ட்ரானை வெளியே இழுத்துக்கொள்ளும். மையம் நிறம் மாறும் அல்லது அணைந்தே போகும். மியூனிக்கில் 2011இல் ஒரே வைரத்தின் மேல்தோலை ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றி இதைக் காட்டினார்கள். கல் ஒன்றே, உள்ளே இருக்கும் மையமும் ஒன்றே, தோல் மாறினால் ஒளி மாறுகிறது. அதற்கு முந்தின வருஷம் பாரிசுக்குப் பக்கத்தில் கஷானில் ரோக், த்ரெய்சார் முதலானவர்கள் துகளைக் காற்றில் சுட்டுச் சுட்டுச் சிறிதாக்கிக்கொண்டே பார்த்தார்கள். துகள் சிறுக்கச் சிறுக்க, எலக்ட்ரானை வைத்துக்கொண்ட மையங்களின் பங்கு குறைந்துகொண்டே போனது. தெருக் கிட்ட வர வர வீட்டு ரகசியம் நிற்காது. அதே 2010இல் சிட்னியில் ஐந்து நானோமீட்டர் துகள்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு ஆச்சரியம். கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி அவை விட்டு விட்டு எரிந்தன. துகளைச் சுற்றியுள்ள பொருளை மாற்றினால் அந்த மினுக்கலும் மாறியது.

இதெல்லாம் புதுசு என்று நினைக்க வேண்டாம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் வித்தியாசம் சுரங்கக்காரர்களுக்குப் பேர் தெரியாமலே தெரிந்திருந்தது. 1890களின் இறுதியில் கிம்பர்லியில் கிர்ஸ்டன் என்பவர் ஒரு சாய்வு மேஜையில் கிரீஸைத் தடவி, அதன் மேல் தண்ணீரோடு ஜல்லியை ஓடவிட்டார். ஜல்லி வழுக்கிக்கொண்டு போனது, வைரம் கிரீஸில் ஒட்டிக்கொண்டது. புதிதாகச் சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லுக்கு எண்ணெய்ப்பசை பிடிக்கும், தண்ணீர் பிடிக்காது. ஆற்றுமணலில் வெகுகாலம் கிடந்த கல் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. அதன் தோல் மாறியிருக்கும். நம் வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தோட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்ததும் இதே வழக்கில்தான் சேரும். தலைக்கு வைக்கும் எண்ணெயெல்லாம் முதலில் போய் ஒட்டுவது வைரத்தில்தான்.

பேத்தி ஊருக்குப் போவதற்கு முன் தோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அது இப்போது அவள் அம்மாவிடம் இருக்கிறது. நாலு பேருமாகப் போய், நகை சோதிக்கிற கூடமொன்றில் கொடுத்தோம். இரண்டு நாளில் சீட்டு வந்தது. பதினான்கும் பூமியில் விளைந்த வைரம். அந்த ஒன்றின் எதிரே, ஒளிர்வு என்ற கட்டத்தில் "இல்லை" என்று போட்டிருந்தது. மற்ற பதிமூன்றிலும் "நீலம்". தாத்தா காலத்தில் தோடு செய்தபோதே பதினாலாவது கல் வேறு பொட்டலத்திலிருந்து வந்திருக்கும், அவ்வளவுதான். சீட்டை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டேன்.

பத்தர் 1996லேயே போய்விட்டார். அவர் மகன் முத்தியால்பேட்டைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தை மாதத்தில் ஒருநாள் போனேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். சீட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன், சந்தேகப்பட்டதையும் சேர்த்து. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டை மேலிருந்து கீழ் வரை படித்தார்.

"எங்களுக்கு இது தெரியவே தெரியாதுங்க சார்" என்றார். "உங்க வீட்டு வேலை ஏன் வர்றதில்லைன்னு அப்பா ரெண்டு தடவை அம்மாகிட்ட கேட்டது ஞாபகம் இருக்கு. கூலி ஜாஸ்தி சொல்லிட்டேனோன்னு கேட்டாரு."

பிறகு, வேண்டுமானால் சீட்டை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.